திரையில் ‘வாங்கல்’ என்று விழுந்தால் வாங்கியது யார்? பொருத்தப் பேரச் சந்தைகளில் வர்த்தகங்களைப் படிக்கும் முழு வழிகாட்டி

லண்டன் சந்தையில் சிறிய நிறுவனம் ஒன்றின் 400 பங்குகளை வாங்கிவிட்டு, நடந்த வர்த்தகங்களைக் காட்டும் இணையதளம் ஒன்றின் திரையில் என் வர்த்தகம் விழுவதற்காகக் காத்திருந்தேன். விழுந்தது. எண்ணிக்கை சரி, விலை சரி, நேரமும் சரி. ஆனால் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘விற்பனை’ என்று இருந்தது. பணம் கொடுத்து வாங்கியவன் நான். உலகத்துக்கோ நான் விற்றவனாகிவிட்டேன். அன்று அந்தப் பங்கை வாங்குவோர் தரத் தயாராக இருந்த விலை 50 பென்ஸ், விற்போர் கேட்ட விலை 56 பென்ஸ். நடுவிலை 53. எனக்குக் கிடைத்தது 52.5. நடுவிலைக்குக் கீழே நடந்த எதையும் விற்பனை என்று குறிக்க அந்த இணையதளத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் அதன் ஞானம்.

‘இன்று வாங்கியவர்கள் அதிகமா, விற்றவர்கள் அதிகமா?’ என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியே பிழை. 1,000 பங்குகள் வாங்கப்பட்டிருந்தால் 1,000 பங்குகள் விற்கப்பட்டிருக்கின்றன. எந்த நாளிலும் எந்தச் சந்தையிலும் இரண்டும் சமம். கேட்க வேண்டியது வேறு: இந்த வர்த்தகம் நடப்பதற்கு யார் வலியப் போனார், யார் காத்திருந்தார்? வலியப் போனவர் வாங்குபவராக இருந்தால் அதை ‘வாங்கல்’ என்கிறோம், விற்பவராக இருந்தால் ‘விற்பனை’ என்கிறோம். திரையில் உள்ள குறி அந்தக் கேள்விக்கான பதில். பல நேரங்களில் அது வெறும் ஊகம்.

படி 1: எந்த வகைச் சந்தை என்று முதலில் பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டுக் குறிகளைப் படிப்பவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

மார்க்கெட் மேக்கர்கள் நடத்தும் சந்தையில், அவர்கள் எப்போதும் இரண்டு விலைகளை அறிவித்து, வருகிறவரிடம் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கிறார்கள். நீங்கள் வாங்கும் பங்கு அவர்களுடைய கையிருப்பிலிருந்து வருகிறது. மறுமுனையில் இன்னொரு முதலீட்டாளர் அதே நொடியில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பொருத்தப் பேரச் சந்தையில் அப்படி நடுவில் நிற்பவர் கிடையாது. ஒருவர் விற்கிறேன் என்றால், வாங்குகிறேன் என்று இன்னொருவர் வந்தாக வேண்டும். இருவரும் விலையிலும் எண்ணிக்கையிலும் பொருந்தினால்தான் வர்த்தகம். ‘பேரம்’ என்ற சொல்லைப் பார்த்து மலிவு என்று நினைக்க வேண்டாம். லண்டன் பங்குச் சந்தையின் பழைய வழக்கில் நடந்து முடிந்த எந்த வர்த்தகத்துக்கும் அதுதான் பெயர்.

பொருத்துவது யார் என்பதில்தான் வேறுபாடு. கணினியே பொருத்தினால் அது ஆர்டர் புத்தகம். லண்டனில் 1997 அக்டோபர் 20 அன்று செட்ஸ் என்ற பெயரில் இது தொடங்கியது. குறித்த நேரங்களில் ஆர்டர்களைச் சேர்த்து ஒரே விலையில் தீர்த்தால் அது ஏலம். தரகர் ஒருவர் வாங்குவோர், விற்போர் பட்டியலை வைத்துக்கொண்டு தொலைபேசியிலோ இணையத்திலோ பொருத்தினால் அதுவே பழைய, அசல் பொருத்தப் பேரம். சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகளை உறுப்பினர்கள் இப்படிக் கைமாற்ற லண்டன் சந்தை தன் 163(2) விதியின் கீழ் இடம் கொடுத்தது. பின்னாளில் 4.2 என்று எண் மாறிய அந்த வழி 1995இல் மூடப்பட்டது. அந்த வர்த்தகத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ள அதே ஆண்டில் ஓஃபெக்ஸ் என்ற வர்த்தக வசதி பிறந்தது.

ஆர்டர் புத்தகம், ஏலம், தரகர் என்ற இந்த மூன்றிலும் ‘வாங்கல்’ என்ற குறிக்கு மூன்று வெவ்வேறு பொருள் உண்டு.

படி 2: ஆர்டர் புத்தகத்தில் வலியப் போனவரைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பங்கின் புத்தகம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

விற்போர்: 52 பென்ஸுக்கு 1,500, 52.5க்கு 3,000, 54க்கு 2,000.
வாங்குவோர்: 50 பென்ஸுக்கு 2,000; 49.5க்கு 4,000.

இந்த நொடியில் எதுவும் நடக்காது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். இப்போது ஒருவர் ‘53 பென்ஸ் வரை கொடுப்பேன், 5,000 பங்குகள் வேண்டும்’ என்று ஆர்டர் போடுகிறார். கணினி மலிவான விலையிலிருந்து தொடங்கும். ஒரே விலையில் பலர் இருந்தால் முதலில் வந்தவருக்கு முதலிடம். திரையில் இரண்டு வரிகள் விழுகின்றன: 52இல் 1,500, 52.5இல் 3,000. வாங்கியவர் 53 கொடுக்கத் தயாராக இருந்தும், வர்த்தகம் நடந்தது காத்திருந்தவர் சொன்ன விலையில். விலையைச் சொன்னவர் காத்திருந்தவர், நேரத்தைத் தீர்மானித்தவர் வலியப் போனவர். இந்த இரண்டையும் ‘வாங்கல்’ என்று குறிப்பது முற்றிலும் சரி.

இன்னும் 500 பங்குகள் பாக்கி. அடுத்த விற்போர் 54 கேட்கிறார். அது அவருடைய எல்லைக்கு மேலே. ஆகவே அந்த 500, வாங்குவோர் பக்கத்தில் 53 பென்ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நொடிக்கு முன்பு வலியப் போனவர், இப்போது காத்திருப்பவர். பத்து நிமிடம் கழித்து வேறொருவர் வந்து 500 பங்குகளை அந்த 53க்குக் கொடுக்கிறார். திரையில் ‘விற்பனை’. அதுவும் சரிதான். ஆனால் கதையைச் சேர்த்துப் படியுங்கள்: ஒரே மனிதர் 5,000 பங்குகள் வாங்கி முடித்திருக்கிறார், அவருடைய கடைசித் துண்டு விற்பனை என்று பதிவாகியிருக்கிறது, அதுவும் மூன்றிலும் உயர்ந்த விலையில். குறிகளை மட்டும் எண்ணுபவருக்கு இரண்டு வாங்கல், ஒரு விற்பனை. புத்தகத்தைப் பார்த்தவருக்கு ஒரே ஒரு வாங்குபவர்.

இதைவிட நுட்பமான ஒன்று மறைவு ஆர்டர். மொத்தம் 60,000 பங்குகள் விற்க வேண்டியவர் 1,500ஐ மட்டும் வெளியே காட்டுவார். அது தீர்ந்ததும் அடுத்த 1,500 அதே விலையில் முளைக்கும். பனிப்பாறை ஆர்டர் என்று இதைச் சொல்வார்கள். திரையில் 52 பென்ஸில் வாங்கல், வாங்கல், வாங்கல் என்று நாற்பது வரிகள் ஓடும். விலையோ அசையாது. புதிதாக வருகிறவர்கள் ‘எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் பாருங்கள்’ என்று மகிழ்ந்துபோவார்கள். நாற்பது ‘வாங்கல்’களுக்குப் பின்னால் நிற்பது அவசரமில்லாத பெரிய விற்பனையாளர் ஒருவர். என் கணக்கில், குறியைவிட முக்கியமான கேள்வி இதுதான்: இத்தனை பேர் வலியப் போன பிறகு விலை நகர்ந்ததா? நகரவில்லை என்றால், காத்திருப்பவரைப் பற்றி யோசியுங்கள்.

படி 3: குறி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

ஆர்டர் புத்தகத்தை நடத்தும் சந்தைக்கு எந்த ஆர்டர் காத்திருந்தது, எது பாய்ந்தது என்பது தெரியும். அந்தத் தகவல் பணம் கொடுத்து வாங்கும் நேரடித் தரவில் கிடைக்கும். இலவசத் திரைகளில் பலவற்றுக்கு அது வந்து சேர்வதில்லை. விலையை வைத்து ஊகிக்கிறார்கள். ஊகிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நடுவிலையோடு ஒப்பிடுவது. மேலே என்றால் வாங்கல், கீழே என்றால் விற்பனை, நடுவிலேயே விழுந்தால் கேள்விக்குறி. என் 400 பங்குகளை விற்பனையாக்கியது இதுதான். இரு விலைகளுக்கும் இடைவெளி குறுகலாக இருக்கும் பெரிய பங்குகளில் இது பரவாயில்லை. இடைவெளி அகலமான சின்னப் பங்குகளில் தரகர் கொஞ்சம் நல்ல விலை பேசி வாங்கிக் கொடுத்தாலே குறி புரண்டுவிடும்.

இரண்டாவது வழி முந்தைய வர்த்தக விலையோடு ஒப்பிடுவது. போன விலையைவிட மேலே என்றால் வாங்கல், கீழே என்றால் விற்பனை, அதே விலை என்றால் அதற்கு முன் கடைசியாக விலை எந்தப் பக்கம் மாறியதோ அந்தப் பக்கம். வரிசையாக 50, 51, 51, 50.5, 50.5, 52 என்று விலைகள் விழுந்தால், முதல் வரிக்குத் தீர்ப்பு இல்லை. பிறகு வாங்கல், வாங்கல், விற்பனை, விற்பனை, வாங்கல்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே முறையாக்கியவர்கள் சார்லஸ் லீ, மார்க் ரெடி என்ற இரு ஆய்வாளர்கள். 1991இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, முதலில் நடுவிலையைப் பார், சரியாக நடுவில் விழுந்தால் முந்தைய விலையைப் பார் என்றது. அன்றைய தரவில் விலை அறிவிப்புகள் வர்த்தகப் பதிவை முந்திக்கொண்டு வந்ததால், 5 நொடிக்கு முந்தைய விலையோடு ஒப்பிடவும் சொன்னது. யார் வலியப் போனார் என்ற உண்மை தெரிந்திருந்த நியூயார்க் தரவை வைத்து எலிசபெத் ஓடர்ஸ்-வொயிட் 2000இல் அந்த முறையைச் சோதித்தார். ஏறக்குறைய 85 சதவீதம் சரி. ஓயாமல் வர்த்தகம் நடக்கும் நியூயார்க்கிலேயே 15 சதவீதம் தவறு என்றால், வாரத்துக்கு இரண்டு பேரம் நடக்கும் பங்கில் என்ன நம்பிக்கை வைப்பது?

படி 4: ஏல வர்த்தகத்துக்குக் குறியே போடாதீர்கள்

லண்டனில் காலை 8 மணிக்கு முன்பு ஓர் ஏலம், மாலை 4.30இலிருந்து 4.35 வரை இன்னோர் ஏலம். அதிகம் கைமாறாத பங்குகளுக்கான செட்ஸ்கியூஎக்ஸ் முறையில் ஒரே நாளில் பல ஏலங்கள். இதில் என்ன நடக்கிறது என்பதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும்.

வாங்குவோர்: 100 பென்ஸ் வரை 3,000; 99 வரை 2,000; 98 வரை 4,000.
விற்போர்: 97க்குக் குறையாமல் 2,500, 98க்குக் குறையாமல் 2,000, 99க்குக் குறையாமல் 3,000.

எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறும்? 97இல் 2,500தான் விற்க வரும். 98இல் 9,000 வாங்கத் தயார், ஆனால் விற்க 4,500தான். 99இல் வாங்க 5,000, விற்க 7,500. ஆகவே 5,000 கைமாறும். 100இல் வாங்க 3,000 மட்டுமே. எனவே எல்லோருக்கும் ஒரே விலை, 99 பென்ஸ், 5,000 பங்குகள். 100 கொடுக்கத் தயாராக இருந்தவர் 99 கொடுக்கிறார். 97க்கே விற்கத் தயாராக இருந்தவருக்கு 99 கிடைக்கிறது. யாரும் யார் மீதும் பாயவில்லை. வலியப் போனவர் என்று எவருமே இல்லாத வர்த்தகம் இது.

ஆனால் குறி போடும் மென்பொருளுக்கு அது தெரியாது. ஏலம் முடிந்ததும் புத்தகத்தில் மீந்திருப்பது 98இல் வாங்க 4,000, 99இல் விற்க 2,500. நடுவிலை 98.5. வர்த்தகம் 99. ‘வாங்கல்!’ என்று பச்சை விளக்கு எரியும். உண்மையில் அந்த விலையில் வாங்க வந்தவர்கள் எல்லோரும் வாங்கி முடித்துவிட்டார்கள். விற்க வந்தவர்களில் 2,500 பங்குகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஏலத்தில் பார்க்க வேண்டியது இந்த மீதியைத்தான்.

ஏல வர்த்தகத்தை அடையாளம் காண்பது எளிது. லண்டன் தரவில் அதற்கு ‘யூடி’ (UT) என்ற வகைக் குறியீடு இருக்கும். ஆர்டர் புத்தகத்தில் கணினி தானாகப் பொருத்தியது ‘ஏடி’ (AT). புத்தகத்துக்கு வெளியே பேசி முடித்தது ‘ஓ’ (O). வாங்கல், விற்பனை என்ற நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு இந்த எழுத்தைப் பாருங்கள். ‘ஏடி’ என்றால் நிறத்துக்குப் பொருள் இருக்கலாம். ‘யூடி’ என்றால் இல்லை. ‘ஓ’ என்றால் சந்தேகம்.

படி 5: தரகர் பொருத்திய பேரத்தைப் படிப்பது

இங்கேதான் பொறுமை தேவை. பட்டியலிடப்படாத ஒரு நிறுவனம். தரகரிடம் ஒருவர் 40 பென்ஸுக்கு 10,000 பங்குகள் வாங்கப் பதிந்திருக்கிறார். இன்னொருவர் 48க்கு 6,000 விற்கப் பதிந்திருக்கிறார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக நான்கு மாதங்களுக்கு முன்பு 39இல் ஒரு பேரம் முடிந்திருந்தது. தரகர் இரு பக்கமும் பேசுகிறார். இவர் மூன்று பென்ஸ் ஏறுகிறார், அவர் ஐந்து பென்ஸ் இறங்குகிறார். 43இல் 6,000 பங்குகள் கைமாறுகின்றன.

இதற்கு என்ன குறி? நடுவிலை முறைப்படி 44க்குக் கீழே, ஆகவே விற்பனை. முந்தைய விலை முறைப்படி 39க்கு மேலே, ஆகவே வாங்கல். ஒரே வர்த்தகம், இரண்டு முறைகள், நேர் எதிரான இரண்டு பதில்கள். இரண்டில் எது சரி என்று விவாதிப்பது வீண். இருவருமே வலியப் போனார்கள். அல்லது இருவருமே காத்திருந்தார்கள்.

இத்தகைய பேரத்தில் நான் குறித்துக்கொள்பவை வேறு. பேரத்துக்கு முன்பு பட்டியலில் இருந்த இரு விலைகள், நடந்த விலை, யார் அதிக தூரம் நகர்ந்தார் என்பது. மேலே சொன்னதில் விற்பவர்தான் அதிகம் இறங்கினார். கொஞ்சம் பணத் தேவை இருந்திருக்கலாம். அடுத்து, மீதி. வாங்குபவருக்கு இன்னும் 4,000 வேண்டும். மறுநாள் பட்டியலில் அவர் 43இலேயே நிற்கிறாரா, 40க்குத் திரும்பினாரா, காணாமலே போனாரா? அந்த ஒரு வரி, வர்த்தகத்தைவிட அதிகம் சொல்லும். மூன்றாவது, இடைவெளி. நான்கு மாதம் கழித்து நடந்த பேரத்தை ‘விலை 10 சதவீதம் ஏறியது’ என்று படிக்கலாகாது; அந்த நான்கு மாதத்தில் விலை என்று ஒன்று இருக்கவே இல்லை.

ஒரே நிமிடத்தில், ஒரே எண்ணிக்கையில், மிகச் சிறிய விலை வித்தியாசத்தோடு இரண்டு வரிகள் விழுந்தால் அதையும் கவனியுங்கள். தரகர் விற்றவரிடமிருந்து தன் பெயரில் வாங்கி, உடனே மற்றவருக்குக் கொடுத்திருக்கலாம். திரையில் ஒரு விற்பனை, ஒரு வாங்கல், 12,000 பங்குகள் கைமாறியதாகக் கணக்கு. நடந்தது 6,000 பங்குகளுக்கான ஒரே பேரம்.

படி 6: நேரத்தைச் சரிபாருங்கள்

பெரிய வர்த்தகங்களைத் தாமதமாக வெளியிட விதிகள் அனுமதிக்கின்றன. பெரிய தொகுதியைத் தன் தலையில் சுமந்துகொண்ட மார்க்கெட் மேக்கர், எல்லோருக்கும் தெரிவதற்குள் அதைப் பிரித்து விற்றுத் தீர்க்க அவகாசம் வேண்டும் என்பது காரணம். காலை 9.10க்கு 50 பென்ஸில் நடந்த பேரம் மாலையில் திரைக்கு வரும்போது சந்தை 55இல் நிற்கும். மாலை விலையோடு ஒப்பிடுகிற திரை அதை மாபெரும் விற்பனை என்று காட்டும். நடந்த நேரமும் வெளியான நேரமும் தனித்தனியாக இருக்கும். நடந்த நேரத்து இரு விலைகளோடுதான் ஒப்பிட வேண்டும். வாரக் கடைசியில் மொத்த வாங்கல், மொத்த விற்பனை என்று பட்டை வரைபடம் போடும் இணையதளங்கள் இதைச் செய்வதில்லை. அந்தப் பட்டைகளை நான் பார்ப்பதை விட்டு வெகுகாலமாகிறது.

சிறிய வர்த்தகங்களை அதிகம் ஆராய வேண்டாம். மாதாந்திரச் சேமிப்புத் திட்டமும் ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்யும் கணக்குகளும் குறித்த நாளில் தாமாக வாங்கும். அவற்றுக்குப் பின்னால் கருத்து எதுவும் கிடையாது.

படி 7: பெயர் தெரியும் இடத்துக்குப் போங்கள்

வாங்கியது யார் என்று உறுதியாகச் சொல்வது அறிவிப்புகள்தான். பிரிட்டனில் பட்டியலான நிறுவனத்தின் இயக்குநர் தன் நிறுவனப் பங்கை வாங்கினாலோ விற்றாலோ மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் அதை வெளியிட வேண்டும். வாக்குரிமையில் 3 சதவீதத்தைத் தொட்டவரும், அதன் பிறகு ஒவ்வொரு முழு சதவீதத்தைக் கடக்கும்போதும் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள நாள், விலை, எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பழைய வர்த்தகப் பட்டியலில் அந்த வரியைத் தேடுங்கள். இயக்குநர் வாங்கியது என்று உறுதியாகத் தெரிந்த வரிக்குப் பக்கத்தில் ‘விற்பனை’ என்று இருப்பதைப் பார்க்கும் நாள் வரும்.

பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். பங்குதாரருக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 43 பென்ஸில் கைமாறிய அந்த 6,000 பங்குகள் யார் பெயரிலிருந்து யார் பெயருக்குப் போயின என்பதற்கான தடயம் அதில் இருக்கும். அங்கே மற்றவர்களுக்காகத் தன் பெயரில் பங்குகளை வைத்திருக்கும் நாமினி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் முதலீட்டாளர் யார் என்பதை அந்தப் பதிவேடும் சொல்லாது.